முற்றத்து மரம் வாடுகிறதா? அறிகுறியைப் பாருங்கள், மண்ணைப் பாருங்கள், மருந்து பிறகு

பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டின் பின்னால் மரம் நிற்கும் இடத்தைக் கொல்லை என்போம். கோவைப் பக்கம் போனால் அது பொடக்காளி. நாகர்கோவில் பக்கம் தென்னையும் பலாவுமாக வீட்டை ஒட்டிக் கிடக்கும் நிலம் விளை. பெயரோடு மண்ணும் மாறிவிடுகிறது, மழை விழும் மாதமும் மாறிவிடுகிறது. ஆனால் குடிபெயரும்போது பழைய ஊரின் கைப்பழக்கத்தைத்தான் நாம் கூடவே கொண்டுபோகிறோம். வீட்டு மரங்களில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது.

என் எலுமிச்சை அப்படித்தான் போனது. ஊரில் அப்பா ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னால் தென்னைக்கு மண் அணைப்பார். வேர் வெளியே தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. மரம் தரையைத் தொடும் இடமான தூரை மண்வெட்டியால் இழுத்து இழுத்து மூடுவார். புயல்காற்றுக்கு மரம் நிற்கவேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த மணல்சாரி மண்ணில், தென்னைக்கு, அது சரியான கணக்குதான். தென்னை தன் தூரிலிருந்து புதுவேர் விட்டுக்கொண்டே இருக்கும் மரம். பின்னாளில் கோவைக்குக் கிழக்கே கரிசல் மண்ணில் வீடு கட்டியபோது எலுமிச்சைக்கும் நான் அதையே செய்தேன். நான்காம் ஆண்டு தூருக்கு மேலே பட்டையில் தேன் நிறத்தில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. நகத்தால் கீறினால் பட்டை ஈரமாக உரிந்து வந்தது. உள்ளே பழுப்பு, புளித்த வாடை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார்.

“ஏனுங்க, இதென்ன தென்னையா? எலுமிச்சைக்குத் தூரை மூடக்கூடாதுங்க. வேர் பிரியற எடம் காத்துல காயணும்” என்றார்.

அடுத்த ஆடிக்குள் மரம் போய்விட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் மருந்து சொல்வதற்கு முன்னால் ஊர் எது, மண் எது என்று கேட்கிறேன்.

மருந்துக்கு முன்னால் ஒரு குழி

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த வேலை பொது. மரத்தின் நிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். தூரை ஒட்டி வேண்டாம். நீரை உறிஞ்சும் நுனிவேர்கள் நிழலோரத்தில்தான் இருக்கும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் வாடை. நல்ல மண் முதல் மழை மணம் தரும். அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே காற்றில்லை. அடுத்தது வேர். நுனிவேர் வெளிர் நிறத்தில், ஒடித்தால் படக்கென்று ஒடியவேண்டும். கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தால் அழுகல். மூன்றாவது, குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். கடற்கரை மணலில் சில நிமிடத்தில் காணாமல் போகும். செம்மண்ணில் ஒன்றிரண்டு மணி நேரம். கரிசலிலும் டெல்டாக் களியிலும் காலையில் ஊற்றியது மாலையிலும் நிற்கலாம். கடைசியாக, குழியில் வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் கல் வந்தால் அதன்மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்பு. இந்த ஒரு நுரையை வைத்தே கீழே பாதி முடிவுகளை எடுத்துவிடலாம்.

அறிகுறி: புதுத்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

மா, எலுமிச்சை, கொய்யா, செம்பருத்தி, இட்லிப்பூ எல்லாவற்றிலும் வரும். பழைய இலை பச்சையாக இருக்கும். புதிதாக வருவது மட்டும் வெளிறி, பச்சை நரம்புவலை போட்டதுபோல் இருக்கும். இது இரும்புச்சத்து இலைக்குப் போகாததன் அடையாளம். ஏன் போகவில்லை என்பதுதான் ஊருக்கு ஊர் வேறு.

கோவை, பல்லடம், கோவில்பட்டி, விருதுநகர்க் கரிசலில், அதுவும் சுக்கான் கலந்திருந்தால், இரும்பு மண்ணிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு அதைக் கரையவிடாமல் பூட்டி வைத்திருக்கிறது. கடையில் ‘மஞ்சள் அடிக்குது’ என்று சொன்னால் யூரியாவைக் கையில் கொடுத்துவிடுவார்கள். யூரியா போட்டால் தளிர் இன்னும் வேகமாக வரும், இன்னும் வெளுப்பாக வரும்.

செய்யவேண்டியது இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம். அன்னபேதி வெளிர்பச்சைக் கற்கண்டுபோல் இருக்கவேண்டும். செங்கல்பொடி நிறத்துக்கு மாறியிருந்தால் பயனில்லை, வாங்காதீர்கள். கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறமும் நனைய அடியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. டைல்ஸ் தரையில் சொட்டினால் துருக்கறை போகாது, கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அன்னபேதியைக் கரிசல் மண்ணில் நேரடியாகக் கொட்டினால் சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். மக்கிய தொழுவுரத்தோடு கலந்து வைத்தால் ஓரளவு எடுக்கும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். விறகடுப்புச் சாம்பலையும் வெந்நீர் அடுப்புச் சாம்பலையும் மரத்தடியில் கொட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. கன்னியாகுமரியின் செம்புறை மண்ணுக்கும் நீலகிரியின் புளிப்பு மண்ணுக்கும் அது உரம். கரிசலுக்கு அது பூட்டின்மேல் இன்னொரு பூட்டு. சாம்பல் காரம், மண்ணும் காரம். கரிசல்காரர்கள் சாம்பலைக் குப்பைக்குழியில் மட்டும் கொஞ்சமாகச் சேருங்கள்.

சென்னையிலோ கடலூரிலோ மணலில் இதே அறிகுறி வந்தால் வீட்டுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். புதுவீடு என்றால் சுவரோரம் தோண்டிப் பாருங்கள். பூச்சுக்கலவை, சிமெண்ட் கட்டி, சுண்ணாம்புத் தூள், உடைந்த டைல்ஸ் எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். அந்த மணல் இயற்கையில் சுண்ணாம்பு மண் இல்லை, கட்டடவேலை அதைச் சுண்ணாம்பு மண்ணாக்கிவிட்டது. தெளிப்பைவிட, மூன்றடி வட்டத்தில் அந்தக் குப்பையை எடுத்துவிட்டுச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்புவதே நிரந்தரமான வழி.

திண்டுக்கல், கிருஷ்ணகிரிச் செம்மண்ணில் இது வந்தால் பெரும்பாலும் தண்ணீர் அதிகம். மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான், பஞ்சம் இரும்புக்கு இல்லை. நீர் விடுவதைப் பத்து நாள் நிறுத்திப் பாருங்கள். டெல்டாவில் கார்த்திகை மாதம் வந்தால் வேர் மூச்சுவிடவில்லை என்று பொருள். வடிகால் வெட்டுங்கள், உரம் எதுவும் போடாதீர்கள்.

அறிகுறி: பழைய இலை மஞ்சள், தளிர் பச்சை

இது எதிர்த்திசை. அடியிலை மஞ்சளாகி மேலே நகர்ந்தால் மணலும் மழையும் சத்தைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கின்றன. கடற்கரையிலும், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனும் செம்மணலிலும், மலைகளிலும் இதுதான் வழக்கம். தென்னையில் கீழ்மட்டை நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகும். மரத்துக்கு ஆண்டுக்கு 500 கிராம் மெக்னீசியம் சல்பேட், வழக்கமான பொட்டாஷ் 2 கிலோவை இரண்டு தவணையாக. மணலில் ஒரே தடவையில் போட்டால் ஒரு மழைக்கு மிஞ்சாது. கரம்பை எனும் குளத்து வண்டல் கிடைக்கும் ஊராக இருந்தால் ஆறடி வட்டப் பாத்தியில் பரப்புங்கள். தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்த்திருக்கும்படி அடுக்கிப் புதைத்தால் மணலில் ஈரம் தங்கும். மட்டை புதைக்கும் இந்த வேலையைக் களிமண்ணில் செய்யாதீர்கள். அங்கே ஏற்கெனவே ஈரம் கூடுதல்.

அறிகுறி: இலைநுனி கருகுகிறது, ஓரம் தீய்ந்ததுபோல்

வெயில் என்று நினைப்போம். பாத்தியில் தண்ணீர் காய்ந்த பிறகு வெள்ளைப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாலே தெரியும். சென்னைக் கடற்கரைச் சாலை, இராமநாதபுரம், தூத்துக்குடியில் நிலத்தடி நீரே உவர்ப்பு. மேற்கு மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு ஆழம் போகப்போக உப்பு ஏறுகிறது. இதில்லாமல் இப்போது எல்லா ஊருக்கும் பொதுவாக ஒன்று வந்திருக்கிறது, ஆர்.ஓ. என்னும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீர். வீணாகிறதே என்று குழாயை மரத்தடிக்கு விடுகிறார்கள். அந்த எண்ணம் நல்லதுதான், ஆனால் குடிதண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. நல்ல மழை பெய்யும் சென்னை மணலில் ஓர் ஐப்பசி மழை அதைக் கழுவிவிடும். சென்னைக்கு ஆண்டுச் சராசரி 1,400 மி.மீ. அளவில். அதில் பாதிதான் கோவைக்கு. கோவைக் கரிசலில் உப்பு போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த நீரைத் தரை துடைக்க எடுங்கள்.

உப்புநீரைத் தவிர வேறு நீர் இல்லை என்றால் தினமும் கொஞ்சம் ஊற்றாதீர்கள். வாரம் ஒருமுறை, உப்பு வேருக்குக் கீழே இறங்கும்படி நிறைய விடுங்கள். ஜிப்சம் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மண் களர் என்றால் போடலாம். காய்ந்தால் கல்போல் இறுகி, தண்ணீர் மேலேயே நிற்கும் மண் அது. வெறும் உவர் மணலுக்கு ஜிப்சம் ஒன்றும் செய்யாது. அங்கே கழுவித்தான் ஆகவேண்டும். புதிதாக மரம் வைப்பவர்கள் உவர் நிலத்தில் மாவை வற்புறுத்தாதீர்கள். தென்னை, சப்போட்டா, புன்னை, பூவரசு பிழைக்கும். புன்னை நெய்தல் நில மரம், சங்கப்பாட்டிலேயே கடற்கரையில்தான் நிற்கிறது.

அறிகுறி: உச்சிக்கிளை மொட்டையாகிறது, இலை ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப்போகிறது

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

‘பூச்சி எதுவும் இல்லை, தண்ணீர் விடுகிறேன், உரம் போடுகிறேன், இருபது வருட மாமரம் உச்சியிலிருந்து காய்கிறது’ என்பார்கள். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ‘மூன்று வருடத்துக்குள் முற்றத்தில் ஏதாவது வேலை செய்தீர்களா?’ பெரும்பாலும் செய்திருப்பார்கள். பேவர் பிளாக் பதித்திருப்பார்கள், அல்லது மனையை உயர்த்தியிருப்பார்கள். மரம் அன்றே வாடுவதில்லை. சேர்த்துவைத்த சத்தை வைத்து இரண்டு மூன்று ஆண்டு ஓட்டும். அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

முதலில் தூரைப் பாருங்கள். நலமான மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால்போல் விரிந்து வேராகப் பிரியவேண்டும். உங்கள் மரம் மின்கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் போனால் தூர் புதைந்திருக்கிறது.

சென்னைப் புறநகரில் இது ஏன் அதிகம் என்றால், ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் சாலை உயர்கிறது. மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. உடனே இரண்டடி கிராவல் அடித்து முற்றத்தை ஏற்றுகிறார்கள். வீட்டைக் காப்பாற்ற வேறு வழியில்லை, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டடி, மாவின் பட்டையைச் சுற்றி ஈரச்சாக்குபோல் இறுகிக்கொள்கிறது. நுனிவேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் காற்றும் போச்சு.

கிராமத்தில் அரசமரத்தைச் சுற்றி மேடை கட்டியிருக்கிறார்களே, அது வாழவில்லையா என்று கேட்பார்கள். ஆலும் அரசும் தண்டிலிருந்தே வேர்விடும் இனம், சுவரிடுக்கிலும் பிழைக்கும். மா, வேம்பு, பலா, நெல்லி அப்படியல்ல. அரசமரத்து மேடையைப் பார்த்து மாமரத்துக்குத் திட்டு கட்டி மண் நிரப்பாதீர்கள்.

சரிசெய்யும் முறை:

தூரைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குப் போட்ட மண்ணை எடுங்கள். ஜே.சி.பி. வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். கொத்து, கை, தென்னந்துடைப்பம் போதும். பழைய தரைமட்டமும் வேர் விரிவும் தெரியும்வரை போங்கள். புதைந்த பட்டையிலிருந்து புதிதாக முளைத்து, தண்டைச் சுற்றி இறுக்கும் மெல்லிய வேர்கள் இருக்கும். அவற்றைக் கூரான கத்தியால் நறுக்குங்கள். பெருவேரைத் தொடாதீர்கள்.

எடுத்த பள்ளம் சரியாமல் இருக்கச் சிமெண்ட் பூசாமல் செங்கல்லையோ கருங்கல்லையோ கிணற்று உறைபோல் சுற்றி அடுக்குங்கள். இதில் ஊருக்கு ஊர் வேறுபாடு முக்கியம். சென்னையில் இந்தப் பள்ளம் ஐப்பசி கார்த்திகையில் குளமாகிவிடும். ஒரு பக்கம் வடிகுழாய் வைத்தே ஆகவேண்டும், வேலையையும் தை மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பட்டை காய்ந்து தேற நாள் கிடைக்கும். கரிசலிலும் அப்படியே. மதுரை, சிவகங்கைச் செம்மண்ணில் வடிகால் பெரிய கவலை இல்லை. இராமநாதபுரத்தில் அந்தப் பள்ளமே மழைநீரைப் பிடிக்கும் பாத்தியாகிவிடும், அங்கே குழாய் வைத்துத் தண்ணீரை வெளியே விடாதீர்கள்.

பேவர் பிளாக் என்றால் தூரைச் சுற்றி ஒரு மீட்டராவது பெயர்த்தெடுங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. அது குறைந்த அளவு, அதற்குமேல் எவ்வளவு விட்டாலும் மரத்துக்கு லாபம். வெளிவட்டத்தில் கல் வேண்டும் என்றால் அடியில் சிமெண்ட் இல்லாமல் மணல்மேல் மட்டும் பதியுங்கள். திறந்த வட்டத்தில் உதிர்ந்த இலையையே இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்புங்கள், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி. வெள்ளைக் கூழாங்கல் பார்க்க அழகு, ஆனால் சித்திரை வெயிலில் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது.

காய்ந்த உச்சியை உடனே வெட்டித் தள்ளவேண்டாம். அடுத்த தளிர்ப்பு வரும்வரை காத்திருந்து, உயிர் எங்கே நிற்கிறது என்று பார்த்து அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். இரண்டு ஆண்டு பொறுமை வேண்டும். பாதிக்குமேல் காய்ந்துவிட்ட மரம் பெரும்பாலும் மீளாது.

அறிகுறி: மாமரம் கொழுகொழுவென்று இருக்கிறது, பூக்கவில்லை

அடியில் கொரியன் புல் தரை இருக்கிறதா? புல்லுக்குத் தினமும் தண்ணீர், மாதம் ஒருமுறை யூரியா. மாவுக்குப் பூப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் பட்டினி வேண்டும். மணலில் புல்நீர் கீழே ஓடிவிடுவதால் அவ்வளவு கெடுதி தெரியாது, களியிலும் கரிசலிலும் மரம் இலையாகவே தள்ளும். நிழல்வட்டத்துக்குள் இருக்கும் புல்லை எடுத்துவிடுங்கள். தை மாசியில் பூக்கும் ஊர்களில் ஐப்பசி மழை ஓய்ந்ததுமே நீரை நிறுத்துங்கள். கன்னியாகுமரியில் மா முந்திப் பூக்கும், அங்கே புரட்டாசியிலேயே கையைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

அறிகுறி: தூரில் பிசின், பட்டை அழுகல்

எலுமிச்சை, சாத்துக்குடி, நார்த்தையில் இது வேர் கழுத்தழுகல். என் மரத்தைக் கொண்டுபோனது இதுதான். அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சீவி எடுத்து, போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 1 கிலோ, நீர்த்த சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அளவு. வீட்டுக்கு 100 கிராம், 100 கிராம், ஒரு லிட்டர் போதும். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், இரும்பில் வேண்டாம். களிமண் ஊர்களில் இரட்டை வட்டப் பாத்தி போடுங்கள். உள்வட்டத்தில் தூரைச் சுற்றி மண் சற்று மேடாக, தண்ணீர் தொடாமல் இருக்கும். வெளிவட்டத்தில் மட்டும் நீர் ஓடும். மேடு என்றதும் தூரைப் புதைத்துவிடாதீர்கள், வேர் பிரியும் இடம் வெளியே தெரியவேண்டும். மணலிலும் செம்மண்ணிலும் ஒற்றைப் பாத்தியே போதும்.

தென்னையில் தூரிலிருந்து செம்பழுப்பாக நீர் கசிந்தால் அது வேறு. தஞ்சை வாடல் என்றே பெயர். 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் கண்டறிந்ததால் வந்த பெயர் அது. மண்வழிக் காளான், ஒரு மரத்தின் வேரிலிருந்து அடுத்த மரத்தின் வேருக்குப் போகும். கடலோர மணலில் அதிகம். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, ஒரு சதவீதப் போர்டோ கலவை (மேலே சொன்ன பசை அல்ல, அதே பொருள்களை நிறைய நீரில் கரைத்தது) 40 லிட்டர் தூரைச் சுற்றி ஊற்றுதல், நோயுற்ற மரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தனிமைப்படுத்துதல். ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குத் தண்ணீர் பாய விடாதீர்கள். இரண்டு தென்னைக்கு நடுவில் வாழை வைக்கும் எங்கள் பக்கத்து வழக்கத்தை இந்த நோய்க்கே பரிந்துரைக்கிறார்கள்.

அறிகுறி: தென்னைக்கு அடியில் உள்ள செடியெல்லாம் கறுப்பு

புகைபிடித்ததுபோல் இலைமேல் கரும்படலம். நோய் அந்தச் செடிக்கு இல்லை, மேலே அண்ணாந்து பாருங்கள். ஓலையின் அடிப்புறத்தில் சுருள்சுருளாக வெள்ளை மெழுகு இருக்கும். சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டு, பிறகு தென்னை நிற்கும் ஊரெல்லாம் போய்விட்டது. அதன் தேன்கழிவு கீழே சொட்டி, அதில் கரும்பூசணம் வளர்கிறது. பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயைத் தின்னும் என்கார்சியா என்ற சிறு குளவியும் சேர்ந்து செத்துவிடும். ஓலையின் அடிப்புறத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கறுத்த செடிக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த கஞ்சியைத் தெளித்தால், காய்ந்ததும் கரும்படலம் அப்பளப் பொருக்குபோல் சுருண்டு விழும். பார்க்கவே மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். அடியில் குரோட்டன்ஸ், அழகுப்பனை என்று நெருக்கமாக வைத்திருந்தால் காற்றோட்டத்துக்குச் சிலவற்றை எடுத்துவிடுங்கள்.

ஓலை முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு. எருக்குழியும் மக்கும் மரக்கட்டையும் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள், அதன் புழு அங்கேதான். நடுக்குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடுங்கள்.

அறிகுறி: மரம் சாய்கிறது

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது விழுந்த மரங்களின் வேர்த்தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல மரங்களில் அது சப்பாத்தியைப்போல் தட்டையாக இருந்தது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாலை, மேலே சிமெண்ட், தினமும் ஒரு வாளித் தண்ணீர். வேர் கீழே போக என்ன தேவை இருக்கிறது? 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது எங்கள் ஊரில் நடந்தது வேறு. தென்னைகள் பல வேரோடு சாயவே இல்லை, நடுவில் முறிந்தன. வேர் பிடித்தது, தண்டு தாங்கவில்லை. என் அப்பா மண் அணைத்த மரங்களில் இரண்டு அன்று நின்றன, மற்றவை போயின.

மணலில் சாய்ந்த இளமரத்தை நிமிர்த்தலாம். ஒரு வாரத்துக்குள் செய்யவேண்டும். வேரை ஈரச்சாக்கால் மூடி வையுங்கள், தலைப்பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள், குழியைச் சேறாக்கி மெதுவாக இழுங்கள். மூன்று திசையில் கயிறு கட்டும்போது பட்டையில் சாக்குச்சுற்று வையுங்கள், ஓர் ஆண்டு கழித்துக் கயிற்றை அவிழ்க்க மறக்காதீர்கள். கயிறு பட்டைக்குள் புதைந்து செத்த மரத்தைப் பார்த்திருக்கிறேன். களிமண்ணில் சாய்ந்த பெரிய மரம் பெரும்பாலும் வேர் அறுந்தே சாய்ந்திருக்கும், நிமிர்த்தினாலும் அடுத்த மழைக்கு மீண்டும் சாயும். வீட்டுப்பக்கம் சாய்வு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மழைக்கு முன் மரத்தை மொட்டையடிப்பதும் வேண்டாம். மொட்டையிலிருந்து கொத்தாக முளைக்கும் கிளைக்குப் பிடிமானம் கிடையாது, மூன்றாம் ஆண்டுப் புயலில் அதுதான் முதலில் முறியும். நெருக்கமான உள்கிளைகளை மட்டும் கழித்துக் காற்றுக்கு வழி விடுங்கள்.

அறிகுறி: சுவரில் படிக்கட்டுபோல் விரிசல்

மணல் ஊரில் இருந்தால் மரத்தின்மேல் உடனே பழி போடாதீர்கள். கரிசலில் இருந்தால் கவனியுங்கள். விரிசல் சித்திரையில் விரிந்து ஐப்பசியில் மூடுகிறதா என்று பென்சிலால் குறித்துவைத்துப் பாருங்கள். கரிசல் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். மரம் ஒரு பக்க ஈரத்தை மட்டும் உறிஞ்சும்போது அந்த மூலை இறங்குகிறது. இதைத் தெரிந்ததும் மரத்தை ஒரே நாளில் வெட்டுவது ஆபத்து. உறிஞ்ச ஆளில்லாமல் மண் மறுபடி உப்பி அடித்தளத்தைத் தூக்கும். கோடையில் மரத்துக்கு வீட்டுக்கு எதிர்ப்புறமாக நீர் விடுங்கள், பொறியாளரிடம் காட்டுங்கள். கரிசலில் புதிதாக வைப்பவர்கள் மரம் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தூரம் தள்ளி வையுங்கள். இடமில்லை என்றால் மாதுளை, கறிவேப்பிலை, கொய்யாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதற வேண்டாதவை

மழைக்காலத்தில் வேப்பமரத்தின் நுனியெல்லாம் தீப்பட்டதுபோல் பழுப்பானால் கோடரியை எடுக்காதீர்கள். தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும் ஒரு பூசணமும் சேர்ந்து செய்யும் நுனிக்கருகல் அது. வளர்ந்த மரம் பங்குனியில் தானே தளிர்க்கும். நீலகிரி, கொடைக்கானல் வீடுகளில் தண்டெல்லாம் பச்சைப் பாசி படிந்தால் அதுவும் நோயில்லை, ஈரக்காற்றின் வேலை. சுரண்டினால் பட்டைதான் காயப்படும். மலையில் கவலைப்பட வேண்டியது மார்கழி, தை உறைபனிக்கு. கன்றுகளுக்கு இரவில் மட்டும் கோணிப்பை போர்த்தி, வெயில் ஏறியதும் எடுங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். நிழலோரத்தில் நான்கு இடத்தில் மேல் இலைதழையை ஒதுக்கிவிட்டு, ஓரடி ஆழம்வரை மண் எடுத்து, நிழலில் உலர்த்திக் கலந்து, அரைக் கிலோ மட்டும் துணிப்பையில் கட்டுங்கள். உரப்பையில் கட்டாதீர்கள், பழைய உரம் ஒட்டியிருந்தால் முடிவு மாறிவிடும். ஒரு லிட்டர் கிணற்று நீரைத் தனியாக எடுங்கள். கெட்ட கிளையையும் நல்ல கிளையையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ஒரு பிடி நுனிவேரை ஈரத்தாளில் சுற்றி வையுங்கள். முற்றத்தில் கடைசியாக என்ன வேலை நடந்தது, எந்த மாதம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பையோடு கட்டிவிடுங்கள்.